கதவைச் சாத்தும் முன்: இராமநாதபுரம் கரையிலிருந்து மூடிய வண்டியில் பைக் ஏற்றுபவர்களுக்கு

உச்சிப்புளியைத் தாண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் வந்திருப்போம். பின்னால் டொம்மென்று ஒரு சத்தம். டிரைவர் தம்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். “பள்ளத்துல இறங்கி ஏறுச்சுண்ணே, ஒண்ணுமில்ல” என்றார். ஒன்றுமில்லை என்று நம்பிக்கொள்வது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. பட்டணம்காத்தானில் டீக்கு நிறுத்தியபோதுதான் பின்கதவைத் திறந்தோம். பெட்ரோல் வாடை முகத்தில் அறைந்தது. அக்கா மகனின் புல்லட் இடப்பக்கமாகச் சாய்ந்து, டேங்கை இரும்புச் சுவரில் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. டேங்கில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு நெளிசல். சைடு ஸ்டாண்டு தரையில் போட்டிருந்த பிளைவுட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு விரல் ஆழம் உள்ளே போயிருந்தது. சீட்டுக்குப் பின்னால் உள்ள பிடிகம்பியில் கட்டிய நீல நைலான் கயிறு முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முடிச்சில் தப்பே இல்லை. தொளதொளவென்று தொங்கியதுதான் தப்பு.

தங்கச்சிமடத்தில் ஏற்றிக் கட்டிவிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வலையும் மீன் பெட்டியும் கட்டுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் மீன் பெட்டி, வைத்த இடத்தில் இருக்கிற சரக்கு. பைக் அப்படியில்லை, ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிற சரக்கு. ஒவ்வொரு பள்ளத்திலும் ஷாக் அப்சார்பர் அமுங்கும்; அமுங்குகிற அந்த நொடியில் கயிறு தொய்யும்; தொய்ந்த நேரத்தில் பைக் அரை அங்குலம் நகரும். இருபது பள்ளத்துக்குப் பிறகு கயிறு இருந்தும் இல்லாத மாதிரிதான். திறந்த வண்டியாக இருந்தால் டிரைவர் கண்ணாடியிலாவது பார்த்திருப்பார். மூடிய வண்டியில் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. அதனால் இந்த வேலையில் எல்லாமே கதவைச் சாத்துவதற்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு பைக்குகளும் தெரிந்தவர்கள் பைக்குகளுமாகப் பல தடவை மதுரைக்கும் திருச்சிக்கும் ஏற்றிவிட்டேன். ஒன்றும் விழவில்லை. எப்படிச் செய்கிறேன் என்று முதல்முறை ஏற்றுபவர்களுக்காக எழுதுகிறேன்.

எந்த வண்டி

துபாயிலோ அமெரிக்காவிலோ இருந்தவர்கள், காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் மூடிய டிரெய்லரைப் பார்த்திருப்பார்கள். கீழக்கரை நண்பர் ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் அதைப் பற்றிப் பேசுவார். நம் பக்கம் அது வழக்கத்தில் இல்லை. படகை டிராக்டரில் இழுப்பதோடு சரி. யாராவது டிரெய்லரில்தான் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஒரே ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தச் சுமையில் அறுபது சதவீதம் போல டிரெய்லரின் அச்சுக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். இணைப்புக் கொக்கியின் மேல் இறங்கும் எடை, டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகம் எடுக்கும்போது டிரெய்லர் மீன் வால் மாதிரி ஆடத் தொடங்கும், அதை அடக்குவது லேசில்லை. மற்றபடி பைக்கைக் கட்டுகிற முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

நமக்குக் கிடைப்பது மூடிய பாடி கட்டிய குட்டி யானை (டாடா ஏஸ்), பிக்கப், அல்லது வீட்டுச் சாமான் ஏற்றும் கண்டெய்னர் லாரி. எடையைப் பொறுத்தவரை கவலையில்லை. ஸ்கூட்டர் 110 கிலோ சுற்றி வரும், கிளாசிக் 350 மாதிரி கனமானது 195 கிலோ. எந்த வண்டியும் தாங்கும். பார்க்க வேண்டியது தரையில் இருக்கும் கொக்கிகளை. பைக்கின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என்று நான்கு இடத்தில், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைத்த வளையம் இருக்க வேண்டும். தகரச் சுவரில் ஸ்குரூ போட்டு மாட்டிய கொக்கி கணக்கில் சேராது. கையால் இழுத்தாலே நெளியும். வளையம் இல்லையென்றால் வண்டிக்காரரிடம் கேட்டு பட்டறையில் பற்றவைத்துக்கொள்ளலாம். மறுப்பவர்களும் உண்டு, ‘அடுத்த லோடுக்கும் ஆகும்’ என்று சம்மதிப்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு சபலம் வரும். மீன் ஏற்றிப் போகிற ஐஸ் பெட்டி வண்டி காலியாகக் கிடக்கும், வாடகையும் குறைத்துக் கேட்பார்கள். முக்கியமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த வண்டிகள் பல சும்மா நிற்கும். வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அந்தப் பெட்டிகளின் சுவர் உள்ளே தெர்மோகோலும் வெளியே ஷீட்டுமாக இருக்கும், எதையும் பிடித்துக் கட்ட வழியில்லை. தரை பாசி பிடித்த படித்துறை மாதிரி வழுக்கும். எத்தனை தடவை கழுவினாலும் மீன் தண்ணி மூலையில் தேங்கியிருக்கும், அதில் உப்பு இருக்கும். மதுரை போய்ச் சேர்ந்த பைக்கைப் பூனை சுற்றிச் சுற்றி வந்ததாக ஒருவர் சொன்னார். சிரித்தேன், ஆனால் செயினில் துரு ஏறியிருந்ததைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

வண்டியை முடிவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. பகல் நேரத்தில் உள்ளே ஏறி நின்றுகொண்டு கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லுங்கள். கூரையில் ஓட்டை இருந்தால் நட்சத்திரம் மாதிரி மின்னும். ஐப்பசி, கார்த்திகையில் ஏற்றுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு ஒழுக்கு. கதவுக்கு அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தால் புழுதி அந்த வழியாக வரும்; பழைய சாக்கைச் சுருட்டி அடைத்துக்கொள்ளலாம்.

உப்பைக் கழுவாமல் ஏற்றாதீர்கள்

மூடிய வண்டியின் நன்மை, வழியில் மழை, புழுதி, உப்புக் காற்று எதுவும் படாது. ஆனால் ஏற்கெனவே பைக்கில் படிந்திருக்கிற உப்போடு ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டினால் அது ஊறுகாய் ஜாடிதான். தனுஷ்கோடி வரை ஓட்டிவிட்டு வந்த பைக்கை அப்படியே ஏற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். வெயிலில் நின்ற தகரப் பெட்டிக்குள் அந்த ஈரம் ஆவியாகி, இரவில் குளிர்ந்து, மறுபடி இரும்பின் மேலேயே இறங்கும்.

முதல் நாளே கழுவிவிடுங்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், நியாயம்தான். குடத்துக் கணக்கில் காசு கொடுத்துக் குடிதண்ணீர் வாங்குகிற இடம். பல தெருக்களில் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். அதனால் அழுக்கு போக வீட்டுத் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் விடுங்கள். மட்கார்டின் உள்பக்கம், செயின் கவர், சைலன்சருக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள சந்து, இந்த மூன்றிலும்தான் மணல் ஒளிந்திருக்கும். அப்புறம் அரைநாள் வெயில். காய்ந்த பிறகு செயினுக்கு எண்ணெய். டிஸ்க் பிரேக் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் கூடத் தெறிக்கக் கூடாது.

மேலே போர்த்த வேண்டுமென்றால் பழைய பருத்திப் போர்வையோ வேட்டியோ போதும். பிளாஸ்டிக் ஷீட்டும் தார்ப்பாயும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைக்கும். போர்வையையும் நன்றாக உதறிப் போடுங்கள். துணிக்கு அடியில் நாலு மணல் மாட்டினால் போதும், வண்டி குலுங்கக் குலுங்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்ட் போய்விடும்.

டயர்களை முதல் நாள் மாலை காற்றடித்து, மறுநாள் காலை அழுத்திப் பாருங்கள். இது சாதாரணக் கவனிப்பு மாதிரி தெரியும், ஆனால் நம் மாவட்டத்தில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. சீமைக்கருவேல முள். முள் ஏறிய டயரில் காற்று ஒரே நேரத்தில் போகாது, ஏழெட்டு மணி நேரம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். டயர் இறங்கினால் பைக் இறங்கும், பைக் இறங்கினால் கட்டிய பெல்ட் தொய்யும். நீங்கள் எவ்வளவு இறுக்கியிருந்தாலும் சரி.

பெட்ரோல் அடுத்த பங்க் வரை போகும் அளவுக்கு, அரை லிட்டரோ ஒரு லிட்டரோ இருந்தால் போதும். மூடிய பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கும், அதற்காகத்தான். பழைய கார்புரேட்டர் பைக் என்றால் டேங்குக்கு அடியில் திருகி மூடுகிற பெட்ரோல் குழாயை மூடிவிடுங்கள். இப்போது வருகிற ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்குகளில் அந்தக் குழாய் இருக்காது, டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தால் சரி. இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடலாம்; மதுரைக்கு அதெல்லாம் தேவையில்லை. கண்ணாடிகளைக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போடுங்கள். பக்கப் பெட்டி, டேங்க் பை, மொபைல் ஹோல்டர் எல்லாம் கழன்றுவிடட்டும்.

காகிதமும் படமும்

ஆர்.சி., இன்சூரன்ஸ், மாசுச் சான்று மூன்றின் நகலும் டிரைவரிடம் இருக்கட்டும். பைக் இன்னொருவர் பெயரில் இருந்தால் ஒரு வெள்ளைத்தாளில் அவருடைய சம்மதக் கடிதம், கையெழுத்தோடு. ஏற்றுவதற்கு முன் பைக்கை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து.

பலருக்குத் தெரியாத ஒன்று: சொந்தச் சேதமும் சேர்ந்த முழு இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், பைக்கைச் சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிக்கொண்டு போகும்போது ஏற்படும் சேதமும் வழக்கமாக அந்தப் பாலிசியிலேயே அடங்கும். பாலிசிக் காகிதத்தில் சொந்தச் சேதப் பகுதியில் அந்த வரி இருக்கும், ஒரு தடவை படித்துவிடுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியவர்களுக்குக் கிடையாது. அந்தப் புல்லட்டுக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருந்தது. டேங்க் நெளிசலை எடுக்க நான்தான் காசு கொடுத்தேன், அக்காவுக்குத் தெரியாமல்.

சரிவுப் பலகை

நிறையப் பேர் பயப்படுவது கட்டுவதற்கு, ஆனால் ஆளுக்கு அடிபடுவது ஏற்றும்போதுதான்.

வண்டியின் தரை மண்ணிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். பலகை அதைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத நீளம் இருக்க வேண்டும். இரண்டரை அடி உயரத்துக்கு எட்டு அடிப் பலகை என்றால் சரிவு ஏறத்தாழ 18 டிகிரி, மூன்று பேர் மூச்சு வாங்காமல் தள்ளிவிடலாம். அவ்வளவு நீளப் பலகை இல்லையென்றால் பூமியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: கண்மாய்க் கரை, சாலையோர மேடு, பழைய லோடிங் திண்டு. வண்டியைப் பள்ளத்தில் பின்னோக்கி விட்டு மேட்டிலிருந்து ஏற்றினால் பாதி உயரம் குறைந்துவிடும். கடற்கரை ஓரப் பொடி மணலில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பலகையின் அடி புதையும், தள்ளுகிறவர் காலும் புதையும்.

பலகையின் மேல்முனையை வண்டியோடு கயிற்றால் கட்டியே ஆக வேண்டும். முன்சக்கரம் ஏறும்போது பலகையைப் பின்னால் உதைக்கும். கட்டாத பலகை நழுவி பைக்கும் ஆளும் ஒன்றாகக் கீழே வருவார்கள். ஆள் நடப்பதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை போட்டால் இன்னும் நல்லது. வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் கொடுங்கள்.

எஞ்சினை ஓடவிட்டு ஏற்றாதீர்கள். பழகியவர்கள் அப்படிச் செய்வதைப் பார்த்து ஆசை வரும். ஆக்சிலேட்டர் ஒரு நொடி கூடினால் பைக் பெட்டியின் முன்சுவரில் போய்த்தான் நிற்கும். அதோடு மூடிய பெட்டிக்குள் புகை வேறு. எஞ்சினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுங்கள். ஒருவர் இடப்பக்கம் ஹேண்டில்பாரைப் பிடிக்கட்டும், இரண்டு பேர் பின்னால், ஆனால் நேர் பின்னால் இல்லை, பக்கவாட்டில். பாதியில் நிற்க வேண்டி வந்தால் முன்பிரேக்கை நம்பாதீர்கள். சரிவில் எடையெல்லாம் பின்சக்கரத்துக்குப் போய்விடும், முன்சக்கரம் பிடித்தாலும் வழுக்கும். கிளட்சை விட்டுவிடுங்கள். கியரில் இருக்கிற எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். இது ஒன்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு இந்த வசதி இல்லை, அதற்குப் பின்பிரேக்தான்.

உள்ளே நுழையும்போது தலை பத்திரம். கதவின் மேல்சட்டத்தில் இடித்துக்கொண்டு பைக்கை விட்டவர்கள் உண்டு.

கட்டுவது

இதற்கு வேண்டியது நான்கு ராட்செட் பெல்ட் (பல் வைத்த பிடியை ஆட்டி இறுக்குகிற பெல்ட்), நான்கு துணிப்பட்டை வளையம், முன்சக்கரத்துக்கு ஒரு கட்டை, ஒரு பழைய சைக்கிள் டியூப். கயிறு வேண்டாமா என்று கேட்பார்கள். நைலான் கயிறு இழுபடும், ஈரம் பட்டால் இன்னும் இழுபடும். படகைக் கட்ட அந்தக் குணம் நல்லது, அலைக்கு விட்டுக்கொடுக்கும். பைக் கட்ட அதே குணம்தான் எதிரி. பாலியஸ்டர் பெல்ட் அவ்வளவாக இழுபடாது. வாங்கும்போது பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். அறுந்துபோகும் எடை என்று பெரிய எண் போட்டிருக்கும், பாதுகாப்பாகத் தாங்குவது ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

பைக்கை வண்டியின் நடுவில், முன்சக்கரம் டிரைவர் பக்கம் பார்க்கிற மாதிரி நேராக நிறுத்துங்கள். முன்சக்கரம் முன்சுவரில் நேரடியாக முட்டாமல் நடுவில் கட்டை இருக்க வேண்டும், சக்கரம் இடம் வலம் திரும்பாதபடி இரு பக்கமும் பிடித்துக்கொள்கிற மாதிரி. தச்சரிடம் சொன்னால் மூன்று துண்டு மரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவார்.

சைடு ஸ்டாண்டு போடாதீர்கள். என் பிளைவுட் கதை முன்னாலேயே சொல்லிவிட்டேன். சென்டர் ஸ்டாண்டு பத்திரம் என்று நினைப்பவர்கள் அதிகம், அதுவும் வேண்டாம். பள்ளத்தில் குதித்தால் ஸ்டாண்டு மடங்கி பைக் முன்னால் நகர்ந்துவிடும். பைக் இரண்டு சக்கரத்திலும் நேராக நிற்க வேண்டும், நிறுத்திவைப்பது பெல்ட்டின் வேலை. கட்டி முடிக்கும்வரை ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்கட்டும், இடையில் போன் வந்தால் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன்பக்கம் எங்கே கட்டுவது? ஹேண்டில்பார் முனையில் இல்லை, அது வளையும். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு ஃபோர்க் குழாயையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கனத்த தட்டு ஒன்று இருக்கும். அந்த இடத்தில் துணிப்பட்டை வளையத்தைச் சுற்றி, அதில் பெல்ட்டின் கொக்கியை மாட்டுங்கள். கொக்கி நேராக பைக்கின் மேல் பட்டால் பெயின்ட் போகும், அதற்காகத்தான் நடுவில் துணி. பட்டை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: பிரேக் குழாய், ஆக்சிலேட்டர் வயர், இண்டிகேட்டர் எதுவும் அதற்கு அடியில் நசுங்கக் கூடாது. பெல்ட் அங்கிருந்து முன்னாலும் வெளிப்பக்கமும் கீழேயும் இறங்கி, தரையோடு ஏறத்தாழ 45 டிகிரியில் தரை வளையத்துக்குப் போக வேண்டும். செங்குத்தாக இறங்கினால் பக்கவாட்டில் பிடிக்காது, ரொம்பப் படுத்தால் கீழே அமுக்காது.

இப்போதுதான் நான் தொடக்கத்தில் சொன்ன ஸ்பிரிங் விஷயம். இடது பெல்ட்டை லேசாக இறுக்குங்கள், அப்புறம் வலது. மறுபடி இடது, மறுபடி வலது. ஒரு பக்கத்தை மட்டும் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பைக் சாய்ந்துவிடும். இறுக்க இறுக்க முன் ஃபோர்க் அமுங்குவது தெரியும். அது போகக்கூடிய தூரத்தில் பாதி அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஃபோர்க்கின் எண்ணெய் சீலுக்குக் கேடு. அமுக்காமலே விட்டால் அடுத்த பள்ளத்தில் அது தானாக அமுங்கும், பெல்ட் தொய்யும், டொம்.

பின்பக்கம் அவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம். சட்டத்தின் கனத்த பகுதியில், பின் ஷாக்கின் மேல்முனைக்குப் பக்கத்தில் வளையம் போட்டு, பின்னாலும் கீழேயும் இழுத்துக் கட்டுங்கள். பின்சக்கரம் இடம் வலம் ஓடாமல் இருந்தால் சரி. மடங்குகிற ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், பிளாஸ்டிக் பிடிகம்பி இந்த மூன்றிலும் கட்டக் கூடாது. ஸ்கூட்டரில் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக் என்பதால் கொஞ்சம் தேட வேண்டும். ஹேண்டில்பாரின் உள்பக்கம், தண்டுக்கு ஒட்டிய இடத்தில் வளையம் போடலாம், ஆனால் பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் கேட்டால் நிறுத்திவிடுங்கள்.

கடைசியில் முதல் கியரில் விட்டு, முன்பிரேக் லீவரை சைக்கிள் டியூப் துண்டால் ஹேண்டில்பாரோடு சுற்றிக் கட்டுங்கள். மீதிப் பெல்ட் நுனிகளைச் சுருட்டி முடிந்துவிடுங்கள், தொங்கவிட்டால் சக்கரத்தையோ டேங்கையோ தேய்த்துக்கொண்டே வரும்.

சரியாகக் கட்டியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி. சீட்டைப் பிடித்து பலமாக இடம் வலம் ஆட்டுங்கள். பைக் தனியாக ஆடக் கூடாது. பைக்கோடு சேர்ந்து மொத்த வண்டியும் அதன் டயர்களில் ஆட வேண்டும். அதுவரை கதவைச் சாத்தாதீர்கள்.

இரண்டு பைக் என்றால் கனமானதை முதலில் ஏற்றுங்கள், இரண்டாவதை எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தினால் ஹேண்டில்பாரோடு ஹேண்டில்பார் இடிக்காது. நடுவில் ஒரு பழைய மெத்தை. வேறு சாமான்களை பைக்குக்கு மேலேயோ ஒட்டியோ வைக்க வேண்டாம். தங்கச்சிமடத்து மல்லிகை நாற்றுக் கட்டு ஒன்றை ‘சும்மாதானே போகுது’ என்று யாராவது உள்ளே நீட்டுவார்கள். அதன் ஈரச் சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டும்.

பைக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பையனை உள்ளே உட்கார வைக்கலாமே என்ற யோசனையும் வரும். சரக்குப் பெட்டிக்குள் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம், பெட்ரோல் ஆவி இருக்கிற மூடிய பெட்டியில் அது உயிர் விஷயமும் கூட.

பாலமும் சாலையும்

இராமேஸ்வரம் தீவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு முதல் சோதனை பாம்பன் பாலம்தான். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் திறந்த கடல். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைத்தார்கள். பாலத்தின் மேல் அடிக்கிற காற்று எப்படிப்பட்டது என்பதற்கு அதுவே போதும். மூடிய பாடி வண்டி பாய் விரித்த வள்ளம் மாதிரி, பக்கவாட்டுக் காற்றை மொத்தமாக வாங்கும். உள்ளே ஒரே ஒரு பைக் என்றால் கனமும் இல்லை. ஆனி, ஆடியில் தென்கடல் பக்கமிருந்து காற்று சாத்தும்போது விடியற்காலையில் பாலத்தைக் கடந்துவிடுவது நல்லது. மெதுவாக, ஒரே சீராக. பஸ் எதிரில் வந்து கடக்கும்போது காற்று ஒரு நொடி நின்று மறுபடி அடிக்கும், அந்த நேரத்தில்தான் வண்டி இழுக்கும்.

பாலத்தின் மேல் நிறுத்தி பைக்கைப் பார்க்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே படம் எடுக்கிற கூட்டம் நிற்கும். மண்டபம் வந்ததும் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான நிறுத்தம், ஏனென்றால் முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் பெல்ட் தன் இடத்தில் அமர்ந்துகொண்டு கொஞ்சம் தொய்யும். ஒவ்வொரு பெல்ட்டையும் விரலால் தட்டிப் பாருங்கள், தொய்ந்ததை ஒன்றிரண்டு கிளிக் ஏற்றுங்கள். டயரையும் அழுத்திப் பாருங்கள். கீழக்கரை, சாயல்குடி, தொண்டிப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்குப் பாலம் இல்லை, ஆனால் முதல் பதினைந்து கிலோமீட்டர் கணக்கு அவர்களுக்கும் உண்டு.

அதற்குப் பிறகு இராமநாதபுரத்தில் ஒரு தடவை, பரமக்குடியில் ஒரு தடவை. பரமக்குடியிலிருந்து மதுரை வரை நாலு வழிச் சாலை, மானாமதுரையில் டீக்கு நிறுத்தினால் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் பெரிதாகக் கெடாது. கதவைத் திறந்ததும் உடனே உள்ளே ஏறாதீர்கள். இரண்டு நிமிடம் காற்றாட விடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. பெட்ரோல் வாடை மெலிதாக இருப்பது சகஜம். மூக்கைத் துளைத்தால் டேங்க் மூடியையும் பெட்ரோல் டியூபையும் பார்க்காமல் கதவைச் சாத்தக் கூடாது.

டிரைவரிடம் ஒன்றைச் சொல்லிவையுங்கள்: சத்தம் கேட்டால் நிறுத்துங்கள். ‘ஒண்ணுமில்லண்ணே’ என்று சொல்வதைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இறக்குவது

ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் எல்லாப் பெல்ட்டையும் கடகடவென்று அவிழ்ப்பார்கள். ஃபோர்க் அமுங்கிய நிலையில் இருக்கிறது, அவிழ்த்ததும் ஸ்பிரிங் பைக்கைத் தூக்கிக் கொடுக்கும் என்பது மறந்துபோயிருக்கும்.

முதலில் பலகையைப் போட்டு, கட்டி, வண்டிக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். பின்பெல்ட் இரண்டையும் கழற்றுங்கள். அப்புறம் ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சைடு ஸ்டாண்டை வெளியே தள்ளட்டும். இன்னொருவர் வலது முன்பெல்ட்டை மெல்ல விடட்டும். வலதுதான் முதலில். இடதை முதலில் விட்டால், வலது பெல்ட் பைக்கைத் தன் பக்கம் இழுத்து, ஸ்டாண்டு இல்லாத பக்கமாகச் சாய்த்துவிடும். வலதை முதலில் விட்டால் இடது பெல்ட் பைக்கை ஸ்டாண்டு பக்கமே சாய்க்கும், அங்கே ஆளும் நிற்கிறார். அதற்குப் பிறகு இடது.

பிரேக் லீவரில் சுற்றிய டியூபை அவிழ்த்து, ஸ்டாண்டை மடக்கி, ஏற்றிய மாதிரியே முதல் கியரில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறக்குங்கள். வேகம் கூடினால் கிளட்சை விடுங்கள், நின்றுவிடும். பலகைக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது, குறிப்பாக வரவேற்க ஓடி வருகிற பிள்ளைகள்.

கீழே வந்ததும் படத்தை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், டிரைவர் கிளம்புவதற்கு முன்பே. பேட்டரி வயர் கழற்றியிருந்தால் மாட்டி, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் நாலு தடவை அழுத்திவிட்டு, ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று விரலால் துடைத்துப் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.

பெல்ட்டுகளை அப்படியே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு செட் அப்படிப் போட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்தபோது ராட்செட் பல் எல்லாம் துருவில் ஒட்டிக்கொண்டு சுத்தியலுக்கும் மசியவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, பல்லில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய். துணியில் எண்ணெய் படாமல் பார்த்து, சுருட்டி, வாளியில் போட்டு மூடி வைத்தால் அடுத்த தடவை யாராவது வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.